செல்வ நாட்டில் முதல் இல்லாதவர்கள்

உலகில் செல்வம் மிகுந்த நாடு எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் தயங்காமல் அமெரிக்கா என்று சொல்லிவிடும். அந்த நாட்டில் 2023ஆம் ஆண்டில் 3 கோடியே 68 லட்சம் பேர் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்ந்தனர் என்று அந்நாட்டு அரசின் குடிமதிப்புத் துறையே கணக்குச் சொல்கிறது. நூற்றுக்குப் பதினொரு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். மலேசிய நாட்டு மக்கள் அனைவரையும் எண்ணினாலும் இத்தொகைக்குக் குறைவாகவே இருக்கும்.

இத்துணைச் செல்வம் குவிந்த இடத்தில் இத்துணை வறுமை எப்படி வந்தது? அங்குள்ள ஏழைகள் சோம்பேறிகளா? அல்லது பணக்காரர்கள் யாவரும் கல்நெஞ்சர்களா? இவ்விரண்டும் விடையாகா. விடை ஐந்தொகையில் இருக்கிறது. வணிகராகிய நமக்கு அது விளங்காத பொருளன்று. ஆகவே இம்மாதப் பாடத்தில் அமெரிக்காவின் ஐந்தொகையைச் சற்று விரித்துப் பார்த்து, அதிலிருந்து நம் மார்க்கக் கடமைக்கும் நம் கடைகளுக்கும் என்ன படிப்பினை கிடைக்கிறது என்பதை ஆராய்வோம்.

வரவு வேறு, இருப்பு வேறு

கடை நடத்துவோர் யாவரும் இரண்டு கணக்குகளை வேறுபடுத்தி அறிவோம். ஒன்று, இன்று கல்லாவில் என்ன விழுந்தது என்ற வரவுக் கணக்கு. மற்றொன்று, கடன் போக நமக்கென்று நிற்பது என்ன என்ற இருப்புக் கணக்கு. நாள்தோறும் ஆயிரம் வெள்ளிக்கு விற்கும் கடைக்காரரும் இருப்பில் ஒன்றுமில்லாதவராக இருக்கக்கூடும். அத்தகையவர் ஒரு மாதம் நோயில் படுத்தால் கடையை மூட வேண்டியதுதான். இருப்பு உள்ளவரோ ஓராண்டு நட்டத்தையும் தாங்கி நிற்பார். சரக்கு மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் மொத்தமாக வாங்கிப் போடுவார். மகனைப் படிக்க வைப்பார். அதுவே முதலின் வலிமை.

ஏழை பணக்காரர் வேறுபாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வரவை மட்டும் பார்க்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளியின் ஒரு மணி நேரக் கூலியை நம் பணத்தில் மாற்றிப் பார்த்து, அவனுக்கு என்ன குறை என்று கேட்கிறார்கள். அவனுடைய வீட்டு வாடகை, வைத்தியச் செலவு, காருக்குக் கட்டும் தவணை ஆகியவற்றைக் கழித்தபின் இருப்பில் என்ன நிற்கிறது என்று பார்ப்பவர் குறைவு. அமெரிக்க மத்திய வங்கி 2023ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, திடீரென 400 டாலர் செலவு வந்தால் கையிலுள்ள ரொக்கத்தாலோ சேமிப்பாலோ அதைச் சமாளிக்க இயலாதவர்கள் நூற்றுக்கு 37 பேர். அவர்கள் கடன் வாங்க வேண்டும், எதையேனும் விற்க வேண்டும், அல்லது கட்டாமலே விட வேண்டும். செல்வ நாட்டில் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் ஒரு வண்டிச் சக்கரம் பழுதானால் தடுமாறிப் போகும் நிலையில் இருக்கின்றனர்.

நூறு மூட்டை, நூறு பேர்

அமெரிக்கக் குடும்பங்களின் சொத்து முழுவதையும் நூறு மூட்டை அரிசியாகக் கட்டி, குடும்பங்கள் யாவற்றையும் நூறு பேராகச் சுருக்கி வரிசையில் நிறுத்துவோம். மத்திய வங்கி அண்மை ஆண்டுகளில் வெளியிட்டுவரும் கணக்கின்படி, முதலில் நிற்கும் ஒரே ஒருவர் ஏறத்தாழ 31 மூட்டைகளை எடுத்துச் செல்கிறார். அவருக்கு அடுத்த ஒன்பது பேர் ஏறத்தாழ 36 மூட்டைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். அதற்கடுத்த நாற்பது பேருக்கு ஏறத்தாழ 30 மூட்டைகள். மீதி ஐம்பது பேர், அதாவது நாட்டில் சரிபாதிப் பேர், இரண்டரை மூட்டையைத் தமக்குள் பங்கிட வேண்டும்!

இக்கணக்கு 1989ஆம் ஆண்டு முதல் எடுக்கப்பட்டு வருகிறது. அவ்வாண்டில் முதலாமவருடைய பங்கு ஏறத்தாழ 23 மூட்டையாகவே இருந்தது. அன்றும் கடைசி ஐம்பது பேருக்குக் கிடைத்தது நான்கு மூட்டைக்கும் குறைவுதான். இடைப்பட்ட காலத்தில் நாட்டின் மொத்தச் செல்வம் பன்மடங்கு பெருகியது. பெருகியதில் பெரும்பகுதி முன்னமே இருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று சொல்லும் கணக்கைக் கேட்டு ஏமாறக்கூடாது. 2022ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடும்பங்களின் சொத்தை மொத்தமாகக் கூட்டிக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால், குடும்பத்துக்கு 10 லட்சத்து 63 ஆயிரத்து 700 டாலர் வருகிறது. அனைவரும் லட்சாதிபதிகள் என்று தோன்றுகிறதன்றோ? ஆனால் குடும்பங்களை வரிசையாக நிறுத்தி, சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தைக் கேட்டால், அதன் சொத்து 1 லட்சத்து 92 ஆயிரத்து 900 டாலர்தான். ஒரு மொத்த வியாபாரியும் ஒன்பது தெருவோர வியாபாரிகளும் உள்ள தெருவில் சராசரி எடுத்தால், பத்துப் பேருமே மொத்த வியாபாரிகள் போலத் தெரிவார்கள்! அதே ஆண்டில் சொந்த வீடுள்ள குடும்பங்களில் நடுவில் நின்றதன் சொத்து 3,96,200 டாலர். வாடகைக்கு இருக்கும் குடும்பங்களில் நடுவில் நின்றதற்கு 10,400 டாலர். ஒன்றுக்கு 38 மடங்கு வேறுபாடு.

முதல் பறிபோன வரலாறு

முதல் இல்லாதவன் உழைத்துச் சேர்த்துக்கொள்ளட்டுமே என்று சிலர் கூறலாம். உழைத்துச் சேர்த்ததையும் இழந்தவர்களின் வரலாறு அமெரிக்காவிலேயே இருக்கிறது.

அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களுக்கென்று 1865ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. தோட்டக் கூலிகளும், சலவைத் தொழில் செய்த பெண்களும், போர்வீரர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்து அதில் போட்டனர். வங்கியை நடத்தியவர்கள் அப்பணத்தை நிலச் சூதாட்டத்துக்கும் ரயில்வேத் தொழிலுக்கும் கடன் கொடுத்தனர். 1873ஆம் ஆண்டில் வந்த பொருளாதார நெருக்கடியில் வங்கி தள்ளாடி, 1874இல் மூடப்பட்டது. 60,000க்கும் மேற்பட்டோரின் பணம் அதில் சிக்கியது. சிலர் ஒரு பகுதியைப் பெற்றனர். பலர் ஒரு காசும் பெறவில்லை.

வணிகர்களாகிய நாம் மறக்கக்கூடாத மற்றொரு நிகழ்ச்சி 1921இல் நடந்தது. ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கிரீன்வுட் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்கள் அங்கே மளிகைக் கடைகள், தங்கும் விடுதிகள், படக்கொட்டகைகள், மருத்துவர் நிலையங்கள் எல்லாம் நடத்திச் செழிப்பாக வாழ்ந்தனர். மே 31ஆம் நாளும் ஜூன் முதல் நாளும் வெள்ளையர் கும்பல் ஒன்று புகுந்து, ஏறத்தாழ 35 தெருக்கட்டுகளைத் தீக்கிரையாக்கியது. எரிந்த வீடுகள் மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு மேல். உயிரிழந்தோர் பலர். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோ, கலவரத்தால் விளைந்த நட்டத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று கைவிரித்தன. ஒரு தலைமுறை சேர்த்த முதல் ஓரிரவில் சாம்பலாயிற்று.

அதற்குப் பின் 1930களில் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் திட்டம் வந்தது. அதற்காக வரைந்த நகரப் படங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் பூசினர். சிவப்புப் பகுதியில் கடன் கிடைப்பது அரிதாயிற்று. வெள்ளையர் தவணை கட்டிச் சொந்த வீட்டுக்காரரானபோது, கறுப்பர் வாடகையே கட்டிக்கொண்டிருந்தனர். வீட்டு விஷயத்தில் இன வேறுபாடு காட்டுவதை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆயினும் அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. 2022இல் வெள்ளையர் குடும்பங்களில் நடுவில் நின்றதன் சொத்து 2,85,000 டாலர். கறுப்பர் குடும்பங்களில் நடுவில் நின்றதற்கு 44,900 டாலர். இதற்குக் காரணங்கள் பல உண்டு என்றாலும், தகப்பனுக்கு மறுக்கப்பட்ட முதல் மகனுடைய ஐந்தொகையிலும் இடம்பெறவில்லை என்பது தெளிவு.

குறைந்த இடைவெளி மீண்டும் விரிந்தது

நியாயமாகப் பேச வேண்டுமானால், அமெரிக்கா எக்காலத்திலும் இப்படியே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1935இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1944இல், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் படிப்புக்கும் வீட்டுக்கும் உதவி செய்யும் சட்டம் வந்தது. 1950களின் நடுவில் கூலி வாங்குவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தொழிற்சங்கத்தில் இருந்தார். வருமானத்தின் உச்சப் படிக்கு 1954 முதல் 1963 வரை 91 சதவிகித வரி விதிக்கப்பட்டது. விலக்குகள் பல இருந்தமையால் முழுமையாகக் கட்டியவர் சிலரே. எனினும் அக்காலத்தில் இடைவெளி சுருங்கியிருந்தது.

பின்னர் காற்றுத் திசை மாறியது. உச்ச வரி 1965இல் 70 சதவிகிதமாகவும், 1988இல் 28 சதவிகிதமாகவும் இறங்கியது. 2018 முதல் அது 37 சதவிகிதம். தொழிற்சங்கத்தில் இருப்போர் 2024இல் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி 2009ஆம் ஆண்டில் மணிக்கு 7 டாலர் 25 காசாக நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அது உயர்த்தப்படவில்லை. பல மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன, பல மாநிலங்கள் உயர்த்தவில்லை.

வறுமை தலையெழுத்தன்று என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை, குழந்தையுள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு மாதந்தோறும் ஒரு குழந்தைக்கு 250 அல்லது 300 டாலர் வீதம் அரசு அனுப்பியது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் முறையின்படி, அவ்வாண்டில் வறுமையில் இருந்த குழந்தைகள் நூற்றுக்கு 5 பேராகக் குறைந்தனர். உதவி நின்றதும், 2022இல் அது நூற்றுக்கு 12 பேராக ஏறிவிட்டது. வந்த வரவு நின்றது, வறுமை திரும்பியது. காரணம், அக்குடும்பங்களின் இருப்பில் தாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை.

வரியும் வட்டியும்

முதல் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே சட்டம் இரண்டு விதமாக வேலை செய்வதைப் பாருங்கள்.

அமெரிக்க வருமான வரிச் சட்டப்படி, பங்குகளின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் விற்றால்தான் லாபம் என்று கருதப்படும். கூலிக்காரனுடைய வரியோ சம்பளம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படுகிறது. பெரும் பணக்காரர் பங்குகளை விற்பதில்லை. அவற்றை ஈடு வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிச் செலவு செய்கிறார். கடன் வருமானம் ஆகாது, ஆகவே அதற்கு வரி இல்லை. அவர் இறந்தபின் வாரிசுகள் அப்பங்குகளை இறந்த நாள் விலைக்கு வாங்கியதாகவே கணக்கு வைக்கலாம். அதுவரை ஏறிய விலைக்கு வருமான வரி என்றுமே கிடையாது. மரணச் சொத்து வரி என்று ஒன்று உண்டு. 2001இல் 6,75,000 டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு அது விதிக்கப்பட்டது. 2025இல் ஒருவர் விட்டுச்செல்லும் சொத்தில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை அவ்வரி இல்லை.

முதல் இல்லாதவனுடைய கடனைப் பாருங்கள். சம்பள நாள் வரை தாக்குப்பிடிக்கக் கடன் தரும் கடைகள் பல மாநிலங்களில் உண்டு. 100 டாலர் வாங்கினால் இரண்டு வாரத்தில் 115 டாலர் கட்ட வேண்டும். சிறு தொகைதானே என்று தோன்றும். ஓராண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி ஏறத்தாழ 390 சதவிகிதம்! கட்ட முடியாதவன் மீண்டும் வாங்குகிறான். வட்டியை இறைவன் ஏன் அவ்வளவு கடுமையாகத் தடுத்தான் என்பதற்கு நாம் பழைய காலத்து உதாரணங்களைத் தேட வேண்டுவதில்லை.

கூலியில் பிடித்துத் தருமத்தில் கொடுத்தல்

அமெரிக்கச் செல்வர்களில் பெரும் கொடையாளி என்று பெயர் பெற்றவர் ஆண்ட்ரூ கார்னகி. ஸ்காட்லாந்து நாட்டில் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்து, 1848இல் அமெரிக்கா வந்து, பஞ்சாலையில் சிறுவனாக வேலை பார்த்து, உருக்குத் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டியவர். செல்வத்தை வைத்துக்கொண்டே சாவது இழுக்கு என்ற கருத்தை 1889இல் எழுதினார். எழுதியபடியே 2,500க்கும் மேற்பட்ட நூல் நிலையங்களைக் கட்டிக்கொடுத்தார். அவருடைய கொடை மெய்யான கொடைதான்.

ஆனால் 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் உருக்காலையில் கூலியைக் குறைக்க முற்பட்டபோது தொழிலாளர் எதிர்த்தனர். ஆலை மூடப்பட்டது. ஆயுதம் தாங்கிய காவலாட்கள் ஏறத்தாழ முந்நூறு பேர் படகுகளில் கொண்டுவரப்பட்டனர். சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. முடிவில் தொழிற்சங்கம் முறிந்தது. பன்னிரண்டு மணி நேரம் உலைக்களத்தில் நின்றவனுக்கு நூல் நிலையத்தில் போய் உட்கார நேரம் எங்கே இருக்கும்? கூலியில் பிடித்ததைத் தருமமாகக் கொடுக்கும்போது கொடுப்பவருக்குப் புகழ் சேர்கிறது. வாங்குபவனுக்கோ அவனுடைய முதல் திரும்பி வருவதில்லை.

மார்க்கம் காட்டும் வழி

இனி நம் மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாகாது என்ற கருத்தைத் திருமறையின் 59ஆம் அத்தியாயம் தெளிவாக்குகிறது. அக்கருத்து வெறும் உபதேசமாக நின்றுவிடவில்லை. ஜகாத், வாரிசுரிமை, வட்டித் தடை என்று மூன்று சட்டங்களாக உருப்பெற்றுள்ளது. மூன்றும் இருப்பைத் தொடுகின்றன.

முதலாவது ஜகாத். அது இருப்பின் மீது விழுகிறது. கடைச் சரக்குக்கு ஜகாத் கணக்கிடுவோர் ஆண்டு முடிவில் அன்றைய விலைக்கு மதிப்பிடுகிறோம். விற்றதா, விற்கவில்லையா என்ற கேள்வியே இல்லை. விற்றால்தான் லாபம் என்னும் அமெரிக்கச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரு கடையில் சரக்கின் அன்றைய விலை 2,00,000 வெள்ளி, ரொக்கம் 30,000, நிச்சயமாக வரவேண்டிய பாக்கி 20,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,50,000. நாற்பதில் ஒரு பங்கு 6,250 வெள்ளி. அலமாரி, தராசு, குளிர்பதனப் பெட்டி, சரக்கேற்றும் வண்டி ஆகியவை இதில் சேரா. நாம் கொடுக்க வேண்டிய கடனைக் கழிக்கலாமா என்பதில் ஷாபி, ஹனபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டாதலால், அவரவர் தம் ஆலிமைக் கேட்டுச் செய்க. குத்துமதிப்பாக ஒரு தொகையை ரமலானில் கொடுத்துவிட்டு ஜகாத் தீர்ந்தது என்று எண்ணுவது ஐந்தொகை போடாமல் கடை நடத்துவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது வாரிசுரிமை. இறப்பவர் தம் விருப்பப்படி மரண சாசனம் செய்யக்கூடியது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாது. மீதி மனைவி, மக்கள், பெற்றோர் எனப் பிரிந்து போகும். பெண் மக்களுக்கும் பங்கு உண்டு. ஒரே கையில் தலைமுறை தலைமுறையாகக் குவிவதற்கு இது ஒரு தடுப்பு. சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டிலும், மலேசியாவில் 1991ஆம் ஆண்டிலும் மரணச் சொத்து வரி நீக்கப்பட்டுவிட்டது. அரசு கேட்காவிட்டாலும் அல்லாஹ் விதித்த பங்கீடு நம் மீது நிற்கிறது. சகோதரியின் பங்கைக் கையெழுத்து வாங்கிக் கடையோடு சேர்த்துக்கொள்பவர் அவளுடைய முதலைப் பறித்தவராவார்.

மூன்றாவது வட்டித் தடை. அதைப் பற்றி மேலே கண்டோம்.

கோடரியும் கைப்பிடியும்

அபூதாவூத் ஹதீஸ் நூலில் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. அன்சாரிகளில் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யாசகம் கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நாயகம் அவர்கள் விசாரித்தார்கள். போர்த்தவும் விரிக்கவும் உதவும் ஒரு கம்பளியும், தண்ணீர் அருந்தும் ஒரு பாத்திரமும் இருப்பதாக அவர் சொன்னார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, நாயகம் அவர்கள் தாமே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்டார். இன்னும் கூடுதலாகக் கேட்பவர் உண்டா என்றதும் மற்றொருவர் இரண்டு திர்ஹத்துக்கு வாங்கினார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு வாங்கவும், மற்றொன்றுக்குக் கோடரி வாங்கிவரவும் பணித்தார்கள். கோடரிக்குத் தம் கரத்தாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கச் சொல்லி அனுப்பினார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்துத் திர்ஹம் ஈட்டித் திரும்பினார்.

முதலில் பசி தீர்க்கப்பட்டது. பிறகு தொழிலுக்கான கருவி கையில் தரப்பட்டது. அந்தக் கோடரியே அவருடைய முதல். இதனையொட்டியே இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் தம் 'அல்மஜ்மூஃ' நூலில், தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவியையும், வணிகம் தெரிந்த ஏழைக்கு அவ்வணிகத்துக்கு வேண்டிய முதலையும் ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று விளக்குகிறார்கள். காய்கறி விற்பவனுக்குச் சிறு தொகை போதும், நகை வணிகனுக்கு அது போதாது என்று தொழிலுக்குத் தொழில் பிரித்தும் காட்டுகிறார்கள்.

இங்கே ஒருவர் எழுந்து, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையோடு மதீனா வந்து, பாதிச் சொத்தைத் தர முன்வந்த தோழரிடம் அதை வாங்காமல், கடைத்தெருவுக்கு வழி கேட்டுப் போய்ச் செல்வரானாரே, உழைப்பு ஒன்று போதாதா என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அவர் கேட்ட கடைத்தெரு அவருக்குத் திறந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவரை எவரும் தடுக்கவில்லை, அவர் சரக்கை எவரும் எரிக்கவில்லை. அவர் தவறினால் தாங்கிக்கொள்ள ஒரு சகோதரர் பாதிச் சொத்தோடு காத்திருந்தார். டல்சா நகரத்து வணிகருக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை.

நம் கடைகளில்

நம் முன்னோரின் வரலாறும் இதற்குச் சான்று. நாகூரிலிருந்தும், காரைக்காலிலிருந்தும், கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களில் பலர் கைம்முதல் இல்லாமல் வந்தவர்களே. ஊர்க்காரர் ஒருவர் நம்பிக் கடனுக்குக் கொடுத்த சரக்கும், படுக்க இடமும் அவர்களுக்கு முதலாயின. விற்றுத் திருப்பிக் கொடுத்தார்கள். பின் தாமும் கடை வைத்தார்கள். அதற்கு வட்டி இல்லை, விளம்பரமும் இல்லை. அவ்வழக்கம் நம்மிடையே இன்று தேய்ந்து வருகிறதா என்பதை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் வாழும் நாடுகளும் செல்வத்தில் உயர்ந்துகொண்டே வருகின்றன. அமெரிக்காவின் செல்வத்தைப் பின்பற்றுகிற நாம் அதன் நோயையும் சேர்த்து வாங்கிவிடக் கூடாது.

ஜகாத்தைச் சிங்கப்பூரில் 1968இல் அமைந்த முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றமும், மலேசியாவில் மாநில சமய மன்றங்களும் திரட்டி வழங்குகின்றன. அங்கே செலுத்த வேண்டியதை அங்கே செலுத்துவோம். அதற்கு மேல் நாம் நம் கையால் கொடுக்கும் ஸதகாவைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறோம். ரமலான் மாதத்தில் கடை வாசலில் வரிசை நிற்க, ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுக்கிறோம். நூறு பேருக்கு ஆயிரம் வெள்ளி. பெருநாள் முடிந்ததும் அது கரைந்துபோகும். அடுத்த ஆண்டும் அதே முகங்கள் அதே வரிசையில் நிற்கும். அவர்கள் அப்படி நிற்பது நமக்கு ஒரு பெருமையாகவும் தோன்றிவிடுகிறது! அவர்களுள் பலகாரம் செய்து விற்கத் தெரிந்த விதவை ஒருவர் இருக்கலாம். தையல் தெரிந்தவர் இருக்கலாம். அந்த ஆயிரத்தில் பாதியைப் பசித்தோருக்குக் கொடுத்து, பாதியை அத்தகைய ஒருவருக்கு அடுப்பாகவோ, தையல் இயந்திரமாகவோ வாங்கிக் கொடுத்தால், வரிசையில் ஒருவர் குறைவார். நாலைந்து கடைக்காரர் சேர்ந்தால் ஆண்டுக்கு நாலைந்து பேர் குறைவார்கள். வரிசை குறைவதே தருமம் பலித்ததற்கு அடையாளம்.

அடுத்து நம் கடைச் சிப்பந்திகள். தருமம் கொடுக்குமுன் கூலியைச் சரிபார்க்க வேண்டும். வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்னும் போதனையை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். மாதம் முடிந்து பத்து நாள் கழித்துச் சம்பளம் கொடுப்பவர், அப்பத்து நாளும் தொழிலாளியிடம் வட்டியில்லாக் கடன் வாங்கியவராகிறார். மலேசியாவில் 1951 முதல் ஊழியர் சேமநிதியும், சிங்கப்பூரில் 1955 முதல் மத்திய சேமநிதியும் நடைமுறையில் உள்ளன. இவை சம்பளத்தில் ஒரு பகுதியை இருப்பாக மாற்றும் ஏற்பாடுகள். யார் யாருக்குச் செலுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ, அவர்களுக்கு உண்மைச் சம்பளத்தின் மீதே செலுத்த வேண்டும். ஏட்டில் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது அத்தொழிலாளியின் முதுமைக்கால முதலை அவனறியாமல் எடுப்பதாகும். பத்தாண்டு உண்மையாக உழைத்த ஒருவர் தனியே கடை வைக்க விரும்பினால், அவரைப் போட்டியாளராகக் கருதாமல், கடனுக்குச் சரக்குக் கொடுத்து வாழ்த்தி அனுப்புவதே நம் முன்னோர் காட்டிய வழி.

மன்றத்தில் கலந்து பேசச் சில வினாக்கள்

1. நம் கடையில் சென்ற ஆண்டு ஜகாத்தைச் சரக்கு மதிப்பிட்டுக் கணக்கிட்டோமா, உத்தேசமாகக் கொடுத்தோமா?

2. நம்மிடம் பத்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர் இன்று வேலையை விட்டால், அவருடைய இருப்பில் என்ன நிற்கும்?

3. நாம் கொடுக்கும் ஸதகாவில் உணவுக்கான திர்ஹம் எத்தனை, கோடரிக்கான திர்ஹம் எத்தனை?

4. நம் சங்கத்தின் வழியாக வட்டியில்லாக் கடன் கொடுக்கும் சிறு நிதி ஒன்று ஏற்படுத்தினால், அதில் எத்தனை பேர் பங்கு கொள்வோம்?

அல்லாஹுத் தஆலா நம் வியாபாரத்தில் பரக்கத் செய்து, நம் கையில் தந்த முதலை மற்றவர் கைக்கும் சென்று சேரும் முதலாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.